ஒரகடம் வேலைக்குக் குடும்பத்தோடு வரலாமா?

கேள்வி கேட்டவர் திருநெல்வேலி டவுன்காரர். சொந்த வீடு, கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை, கைக்கு வரும் சம்பளம் 19,500 ரூபாய். சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி மாதம் 32,000 சிடிசி (ஒரு ஆளுக்குக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்று ஆஃபர் கொடுத்திருக்கிறது, செப்டம்பரில் சேர வேண்டும். மனைவி பாளையங்கோட்டையில் தனியார் பள்ளி டீச்சர், 9,000 சம்பளம். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, சர்க்கரை நோய் உள்ள அம்மா. சென்னைப் பக்கம் யாரையும் தெரியாது, குடும்பத்தோடு போகலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் கோவில்பட்டிக்காரி. 2015 சித்திரையில் கைக்குழந்தையோடு வீட்டுக்காரர் வேலைக்காக இந்தப் பக்கம் வந்தேன். இப்போது சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கிறோம். ஏழு வருஷமாக ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ட்ரான்ஸ்போர்ட் பார்க்கிறேன். எந்த பஸ் எந்த ஊர் வழியாகப் போகும், யாருக்கு எங்கே பிக்கப் என்று போடுவது என் வேலை. அதனால் உங்கள் கேள்வியை இரண்டு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன் என்று சொல்லலாம், வீட்டில் உட்கார்ந்திருந்த ஆளாகவும், தினமும் முன்னூறு பேரை ஏற்றி இறக்கும் ஆளாகவும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை ஆன்ரோல், அதாவது கம்பெனியே நேரடியாக எடுக்கும் நிரந்தர வேலை என்றால் சேருங்கள். ஆனால் செப்டம்பரில் குடும்பத்தை அழைத்து வராதீர்கள். ஒரு மழைக்காலம் முழுக்க நீங்கள் தனியாக இருந்து ஊரைப் பாருங்கள், தை பிறந்த பிறகு வீடு பாருங்கள், பள்ளிக்கூடம் முடிந்து மே மாதம் அவர்கள் வரட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் மீதி எல்லாம்.

முதலில் பணம். 32,000 என்று தாளில் இருப்பது உங்கள் கைக்கு வராது. பேசிக் 16,000 என்று வைத்துக்கொண்டால், கம்பெனி கட்டும் பிஎஃப் 12 சதவீதம், அதாவது 1,920 ரூபாய், அந்த 32,000-க்குள்ளேயே இருக்கும். கிராச்சுட்டி, அதாவது வேலையை விடும்போது தரும் பணம் என்று 770 ரூபாய் இருக்கும், அதை ஐந்து வருஷம் இருந்தால்தான் பார்ப்பீர்கள். வேரியபிள் என்று ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ஒதுக்கியிருப்பார்கள், அது வருஷத்துக்கு ஒரு தடவை வரும், முழுதாக வரும் என்றும் சொல்ல முடியாது. அப்புறம் உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 1,920. கேன்டீன், பஸ் என்று சில நூறு. எல்லாம் போக 25,500 கையில் நின்றால் சரியான கணக்கு. ஆக, உங்களுக்கு மாதம் கூடுவது 6,000 ரூபாய்.

அந்த 6,000-ஐ வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு படுக்கையறை வீடு 8,000 முதல் 9,500 வரை போகிறது. மெயின்டனன்ஸ் தனி. கரண்ட் பில்லை அரசாங்கக் கணக்கில் கட்ட விடமாட்டார்கள், வீட்டு ஓனர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய் என்று வாங்குவார், முதல் நூறு யூனிட் இலவசம் என்பதெல்லாம் அவரோடு நின்றுவிடும். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர், இரண்டு நாளைக்கு ஒரு கேன் என்றாலும் மாதம் ஐநூறு. இதோடு உங்கள் மனைவியின் 9,000 நின்றுவிடும், ஏனென்றால் அங்கே குழந்தையை அம்மா பார்த்துக்கொள்கிறார், இங்கே பார்க்க ஆள் இல்லை. செப்டம்பரிலேயே குடும்பத்தோடு வந்தால் இந்தச் செலவெல்லாம் போக உங்கள் வீட்டில் மிஞ்சுவது மாதம் பன்னிரண்டாயிரம், பதிமூன்றாயிரம் குறையும். ஏறாது, குறையும். சிடிசி-யை மட்டும் பார்த்துக் கிளம்பி வருகிறவர்கள் இந்தக் கணக்கை மூன்றாம் மாதம்தான் போடுகிறார்கள்.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். இப்போதைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) என்று 0.75 சதவீதம், 150 ரூபாய் சொச்சம் பிடித்திருக்கிறார்களா? பிடித்திருந்தால் மனைவி, குழந்தை, உங்களை நம்பியிருக்கும் அம்மா எல்லாருக்கும் இஎஸ்ஐ-யில் வைத்தியம் உண்டு. சம்பளம் 21,000-ஐத் தாண்டிய இடத்தில் புதிதாகச் சேர்ந்தால் இஎஸ்ஐ கிடையாது. அதற்குப் பதில் கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ் போடும். அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் பணம் தரும், அம்மாவின் மாதாந்திர சர்க்கரை மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் தராது, பல இடங்களில் பெற்றோரைச் சேர்ப்பதே இல்லை, சேர்த்தால் பிரீமியம் நம் கையிலிருந்து. சேரும் முன்னால் எச்ஆரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், பெற்றோருக்கு கவரேஜ் உண்டா, எவ்வளவு, யார் கட்டுவது என்று. கேட்டால் தப்பாக நினைக்கமாட்டார்கள். நான் எச்ஆர் மேசைக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறேன், தினமும் யாராவது கேட்கிறார்கள்.

அப்படியென்றால் ஏன் சேரச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். இந்தப் பகுதியில் ஒரு வேலை போனால் இன்னொரு வேலைக்கு ஊரை மாற்ற வேண்டியதில்லை, அதுதான் காரணம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014 நவம்பரில் மூடியது, மறைமலை நகரில் ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்தன, அதைச் சின்ன விஷயமாகச் சொல்லமாட்டேன். ஆனால் வேலை தெரிந்தவர்கள் பலர் அதே வீட்டிலிருந்து வேறு கம்பெனி பஸ் ஏறினார்கள். ஒரகடத்தில் ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர், இவர்களுக்குப் பொருள் கொடுக்கும் சின்ன கம்பெனிகள், பக்கத்தில் மகிந்திரா சிட்டி, ஸ்ரீபெரும்புதூர். கங்கைகொண்டானில் உங்களுக்கு இவ்வளவு கதவு கிடையாது. இரண்டு மூன்று வருஷம் நல்ல இடத்தில் குவாலிட்டியோ மெயின்டனன்ஸோ பார்த்துவிட்டால் அடுத்த தாவலில்தான் நிஜமான சம்பளம் வரும். இந்த 6,000-க்காக வராதீர்கள், அந்த அடுத்த தாவலுக்காக வருவதென்றால் வாருங்கள்.

ஆன்ரோல் என்றால் என்று சொன்னேன் அல்லவா, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆஃபர் லெட்டரில் மேலே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனி பெயரா, ஆள் அனுப்பும் ஏஜென்சி பெயரா? டிரெய்னி, ஃபிக்ஸட் டேர்ம் என்று ஏதாவது வார்த்தை இருக்கிறதா? புரொபேஷன் ஆறு மாதமா ஒரு வருஷமா? கான்ட்ராக்ட் என்றால் என் பதில் வேறு. சொந்த வீட்டையும் மனைவியின் வேலையையும் விட்டுவிட்டு 11 மாத கான்ட்ராக்டுக்கு வர வேண்டாம்.

சரி, மழைக்கு வருகிறேன்.

நாங்கள் வந்தபோது சித்திரை வெயில். தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் பக்கம், புது லேஅவுட், அகலமான தெரு, தரைத்தளத்தில் இரண்டு அறை, வாடகை மற்ற இடத்தைவிட ஆயிரம் ரூபாய் குறைவு. கோவில்பட்டிக்காரர்களுக்கு அந்தத் தெருவே பெரிய சந்தோஷம். இவ்வளவு காற்றோட்டமாக இருக்கிறதே, ஏன் பாதி வீடு காலியாகக் கிடக்கிறது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. டிசம்பர் 1-ஆம் தேதி, வீட்டுக்காரர் இரண்டாம் ஷிப்டுக்குப் போய்விட்டார். தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை என்று பிறகுதான் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது, குளியலறைச் சல்லடைக்குள்ளிருந்து குபுகுபு என்று தண்ணீர் மேலே வந்ததுதான். வாசலில் சாக்கு வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, தரைக்குள்ளிருந்து வந்தது. அரிசி டின்னைக் கட்டில்மேல் ஏற்றினேன், அப்புறம் கட்டிலே மிதக்கிற மாதிரி ஆனது, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். மாடியில் இருந்த அக்காவை எட்டு மாதத்தில் நாலு தடவைதான் பார்த்துப் பேசியிருப்பேன், அவர்தான் கதவைத் திறந்து இழுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். வீட்டு ஓனருக்கு அந்தத் தெருவில் தண்ணீர் வரும் என்பது முன்னாடியே தெரியும், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

நம் ஊரில் வெள்ளம் வராதா என்றால், 2023 டிசம்பரில் நெல்லை பட்ட பாடு உங்களுக்கே தெரியும். ஆனால் ஒரு வித்தியாசம். தாமிரபரணி எங்கே ஏறும் என்று அங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், குறுக்குத்துறை முருகன் கோவிலைத் தண்ணீர் சுற்றிக்கொண்டால் அடுத்து எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்கள். இங்கே ஆறு கண்ணில் படாது. ஏரிக்கு ஏரி தண்ணீர் வழிந்து அடையாற்றுக்குப் போகிற பாதைமேல் மனை போட்டிருக்கிறார்கள், வெயில் காலத்தில் அது வெறும் காலி நிலம் மாதிரித்தான் தெரியும். அதே 2023-ல் நம் ஊருக்கு இரண்டு வாரம் முன்னால் மிக்ஜாம் புயலில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மறுபடியும் தண்ணீர் நின்றது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கமும் வீடு மலிவாகக் கிடைக்கும், அங்கே இடத்துக்கு இடம் மாறும், ஒரு தெரு நனையாது, அடுத்த தெருவில் முழங்கால் அளவு. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, தரகர் சொல்லமாட்டார். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நீங்கள் இங்கே இருந்தால் உங்கள் கண்ணே சொல்லிவிடும். மழை பெய்த மறுநாள் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை உள் தெருக்களில் ஒரு நடை நடங்கள். மூன்று மாதத்தில் நீங்கள் இந்த ஊர்க்காரர் அளவுக்குத் தெரிந்துகொள்வீர்கள். செப்டம்பரில் சேர்வது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த மூன்று மாதத்துக்கு ரூம் ஷேரிங் போதும். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நாலு பேர், ஆறு பேர் தங்கும் ரூம் நிறைய உண்டு. கம்பெனி முதல் மாதம் இடம் தருமா என்று கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் தருகிறார்கள்.

வீடு எந்த ஊரில் என்பதை வாடகையை வைத்து முடிவு செய்யாதீர்கள், பஸ் ரூட்டை வைத்து முடிவு செய்யுங்கள். இதை என் மேசையிலிருந்து சொல்கிறேன். முதல் ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போகிறவர்களில் நிறையப் பேர் அதற்கு முன்னால் என்னிடம் வந்து பிக்கப் பாயின்டை மாற்றித் தர முடியுமா என்று கேட்டவர்கள். வீடு உள்ளே ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கும், காலை ஷிப்டுக்கு ஆறு மணிக்கு கம்பெனிக்குள் இருக்க வேண்டும் என்றால் ஐந்து மணிக்கு பஸ், நாலரைக்கு இருட்டில் நாய்களுக்கு நடுவே நடக்க வேண்டும், அல்லது வண்டியை ரோட்டோரம் போட்டுவிட்டுப் போக வேண்டும். கொஞ்ச நாளில் பஸ் வேண்டாம், வண்டியிலேயே போகிறேன் என்பார்கள். வண்டலூர் வாலாஜாபாத் ரோட்டில் இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் ஜல்லி லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டுவது வேண்டவே வேண்டாம் தம்பி. இரண்டு பேரின் வீட்டுக்கு நான் மாலையோடு போயிருக்கிறேன்.

சேர்ந்த முதல் வாரமே ட்ரான்ஸ்போர்ட்டில் போய் ரூட் சார்ட்டை வாங்கிக்கொள்ளுங்கள், எந்த ரூட்டில் மூன்று ஷிப்டுக்கும் பஸ் ஓடுகிறது என்று பாருங்கள். சில ரூட் ஜெனரல் ஷிப்டுக்கு மட்டும் இருக்கும். அந்த ரோட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் வீடு.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது சிங்கப்பெருமாள் கோவில் அல்லது மறைமலை நகர். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடத்துக்கு நேர் ரோடு, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இரண்டு ஊரிலும் மின்சார ரயில் நிற்கும், தாம்பரத்துக்கு வடக்கே ஓடுகிற அளவுக்கு அடிக்கடி கிடையாது, நேரம் பார்த்துத்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். மறைமலை நகர் சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், திட்டம் போட்டு அமைத்த ஊர், தெருக்கள் ஒழுங்காக இருக்கும். செங்கல்பட்டு பக்கம், அங்கே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, அம்மா வந்து தங்கும் நாட்களில் அது பெரிய தைரியம். நெல்லை எக்ஸ்பிரஸ் செங்கல்பட்டில் நிற்கும், எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. பஸ் என்றாலும் தென் மாவட்ட பஸ்ஸெல்லாம் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்துதான். கூடுவாஞ்சேரியில் கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அதிகம், நெரிசலும் அதிகம், உங்களுக்கு பஸ்ஸில் கூடுதல் நேரம் போகும். படப்பை கம்பெனிக்குக் கிட்டே, ரயில் இல்லை. வாலாஜாபாத் மலிவு, அமைதி, ஆனால் உங்கள் மனைவிக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு குறைவு. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் தனி ஆட்களுக்குச் சரி.

வீடு பார்க்கும்போது முதல் மாடியாகப் பாருங்கள். தரைத்தளம் ஏன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேல் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற வீடும் வேண்டாம், இரவு ஷிப்ட் முடித்து வந்து பகல் பத்து மணிக்குத் தூங்க வேண்டிய ஆள் நீங்கள், மே மாதம் அந்த கான்கிரீட்டுக்குக் கீழே படுக்க முடியாது. படுக்கையறை தனியாக, கதவோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் தூங்கும் எட்டு மணி நேரமும் இரண்டு வயதுக் குழந்தையைச் சத்தம் போடாதே, சத்தம் போடாதே என்று உங்கள் மனைவி பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் அதைச் செய்திருக்கிறேன், குழந்தை சிரித்தால்கூடப் பயமாக இருக்கும்.

போர் தண்ணீரைத் திறந்துவிட்டு சோப்பு போட்டுக் கை கழுவிப் பாருங்கள், நுரை வருகிறதா என்று. குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு மூன்று விசில் விட்டாலும் வேகாது. முதல் மாதம் குக்கரில்தான் கோளாறு என்று நினைத்து காஸ்கெட்டை மாற்றினேன். கேன் தண்ணீர் ஊற்றியதும் ஒரே விசிலில் மலர்ந்துவிட்டது. கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் லாரிக்கு யார் பணம் தருவது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அட்வான்ஸ் பத்து மாதம் கேட்பது சென்னைப் பழக்கம். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று இருக்கிறது, இரண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர. நடைமுறையில் நாலைந்து மாத வாடகைக்குப் பேசி முடிக்கலாம். பணத்தை பேங்க் வழியாகவே கொடுங்கள்.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்து ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. சம்பளம் எழுதியிருக்கிறீர்கள், அம்மாவின் சர்க்கரை எழுதியிருக்கிறீர்கள், உங்கள் மனைவி இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.

நீங்கள் ஊர் மாறினாலும் உங்களுக்கு அடுத்த நாளே கேன்டீனில் நாலு பேர் பழக்கமாகிவிடுவார்கள், அதில் இரண்டு பேர் தூத்துக்குடி, தென்காசியாக இருப்பார்கள். ஊர் உண்மையாக மாறப்போவது அவருக்கு. பாளையங்கோட்டையில் அவரை டீச்சர் என்று கூப்பிட ஒரு பள்ளிக்கூடமே இருக்கிறது. இங்கே முதல் வருஷம் என் நாள் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். வீட்டுக்காரர் ஐந்து மணிக்குப் போய்விடுவார். எட்டு மணிக்குத் தெருவில் கடைசி ஸ்கூல் வேன் போகும். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது, காலி மனையில் இரண்டு மாடு மேயும், தூரத்தில் எங்கோ கட்டட வேலைச் சத்தம் கேட்கும். பதினொரு மணிக்கு ஒரு காய்க்காரர் தள்ளுவண்டியோடு வருவார். வீட்டில் காய் இருந்தாலும் தெருவில் இறங்கிப் போய் கால் கிலோ வெண்டைக்காய் வாங்குவேன், யாரோடாவது இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்பதற்காக. அவர் வராத அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். இதை நான் வீட்டுக்காரரிடம் அப்போது சொல்லவில்லை. அவர் களைத்துப் போய் வருவார், எப்படிச் சொல்வது?

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மாறிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பெரிய காரணமெல்லாம் இல்லை. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பால்வாடி, ஒரு மளிகைக்கடை, சாயங்காலம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக நரசிம்மர் கோவில். மளிகைக்கடை அண்ணாச்சி முதல் நாள் நான் பேசியதைக் கேட்டதுமே எந்த ஊரும்மா என்றார், கோவில்பட்டி என்றதும் அவர் நாங்குநேரி என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன், துக்கத்தில் இல்லை. ஆகவே வீடு பார்க்கும்போது உங்கள் மனைவி இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பொங்கல் முடிந்து குழந்தையோடு மூன்று நாள் வரட்டும், அதில் ஒரு நாளாவது வேலை நாளாக இருக்கட்டும். நீங்கள் ஷிப்டுக்குப் போய்விடுங்கள், அவர் அந்தத் தெருவில் காலை பத்து மணிக்கு நடந்து பார்க்கட்டும், சாயங்காலம் ஏழு மணிக்குக் குழந்தையோடு பஸ் ஸ்டாப் வரை போய் வரட்டும், தெருவிளக்கு எரிகிறதா என்று தெரிந்துவிடும்.

அவர் வேலையை விட வேண்டியதும் இல்லை. இந்த ஜிஎஸ்டி ரோடு, அதாவது சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை நெடுக பள்ளிக்கூடம்தான். அடுத்த வருஷத்துக்கு டீச்சர் எடுப்பது மார்ச், ஏப்ரலில் நடக்கும், பொங்கலுக்கு வரும்போதே நாலு பள்ளியில் பயோடேட்டா கொடுத்துவிட்டுப் போகலாம். டீச்சர் பிள்ளைக்கு ஃபீஸ் குறைப்பது பல பள்ளிகளில் உண்டு, உங்கள் பெண்ணுக்கு அப்போது மூன்று வயதை நெருங்கும். அங்கே படிப்பு ஆண்டை முழுதாக முடித்துவிட்டு வந்தால் அனுபவச் சான்றிதழும் சுத்தமாகக் கிடைக்கும். நடுவில் விட்டு வந்தால் அதற்கே அலைய வேண்டிவரும்.

அவர் வர இஷ்டமில்லை என்று சொன்னால்? அதற்கும் வழி இருக்கிறது. இரண்டு வருஷம் நீங்கள் மட்டும் இருந்து, அனுபவம் சேர்த்துக்கொண்டு, தூத்துக்குடி பக்கம் வேலை பார்க்கலாம். எங்கள் கம்பெனியில் அப்படி இருப்பவர்கள் உண்டு, மாதம் ஒரு தடவை வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறுகிறார்கள். கஷ்டம்தான், ஆனால் மனமில்லாதவரை ஆள் அரவமில்லாத லேஅவுட்டில் கொண்டுவந்து வைப்பதைவிட அது மேல் என்று நான் நினைக்கிறேன். அம்மாவைப் பற்றியும் அதே பேச்சுதான், அறுபது வயதுக்கு மேல் டவுன் தெருவை விட்டு வர அவருக்குச் சம்மதமா, வராவிட்டால் பக்கத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை இப்போதே பேசிவிடுங்கள். ரேஷன் கார்டு அங்கேயே இருக்கட்டும், இங்கே மாற்ற அவசரம் இல்லை.

எச்ஆருக்குச் சம்மதம் என்று மெயில் போடும் முன்னால் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: கையில் எவ்வளவு வரும் என்ற சம்பளப் பிரிவு, அம்மாவுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா, சிங்கப்பெருமாள் கோவில் வழியாக மூன்று ஷிப்டுக்கும் பஸ் உண்டா. பதில் வந்ததும் எனக்குச் சொல்லுங்கள், எந்தத் தெருப் பக்கம் வீடு தேடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். பொங்கலுக்குப் பிறகு உங்கள் வீட்டில் எல்லாரும் வந்தால் ஒரு வேளை சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், தங்கச்சிக்கு இங்கே ஒரு வீடாவது தெரிந்திருக்கட்டும்.